நாலு கல் வைத்த களம்

மக்காச்சோளத்தை மழையில் நனையவிட்டுக் கெடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. நான் நனையாமல் மூடிவைத்துக் கெடுத்தேன்.

அந்தத் தை மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். எட்டாம் வகுப்புப் பாதியில் ஊரைவிட்டுப் போனவன் நான். வேடசந்தூர் நூல் மில்லில் கொஞ்ச நாள், வத்தலக்குண்டு சந்தையில் மூட்டை தூக்கிக் கொஞ்ச நாள், போர்வெல் லாரியோடு வடக்கே இரண்டு வருடம், திண்டுக்கல்லில் ஒரு தீவனக் கடையில் இரண்டு வருடம். எந்த இடத்திலும் கால் தரிக்காது. ஆனால் கதிர் ஒடிக்கிற பருவத்துக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடுவேன். பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். கூலி கொடுத்து ஆள் வைக்க அக்காவால் முடியாது. எனக்கும் ஒரு மாதம் சோற்றுக்கு அலைய வேண்டாம். இருவருக்கும் அது தோதாக இருந்தது.

அக்காவுக்கு வேடசந்தூருக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. மச்சான் இறந்து பல வருடம் ஆகிறது. பட்டா இன்னும் மச்சானுடைய அப்பா பெயரிலேயே கிடக்கிறது. அதனால் படைப்புழு வந்து சோளம் அழிந்த வருடம் மற்றவர்களுக்கு நிவாரணம் வந்தது, அக்காவுக்கு வரவில்லை. ஆபீசில் கேட்டதற்கு, செத்துப்போன மாமனாரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லாத குறைதான். அடுத்த வருடமும் அக்கா அதே காட்டில் அதே மக்காச்சோளத்தைத்தான் போட்டாள். புழுவுக்கு மருந்து அடிக்க வழியில்லாமல், ஒரு பனையோலைப் பெட்டியில் மணலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டாள். இரண்டு ஏக்கரில் எத்தனை குருத்து இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணல் உறுத்தினால் புழு குருத்தைவிட்டு வெளியே வரும், காக்காய் கொத்தும். அந்த வருடம் சோளம் தப்பியது.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வருடத்துக் கதை.

கதிர் அடிக்கிற மெஷின் எங்களுக்காக வராது. பெரிய காட்டுக்காரர்களுக்கு அடித்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் போகிற வழியில், எங்கள் தெருவில் நின்று எங்களுக்கும் அடித்துவிட்டுப் போகும். கதிர் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும் என்று சொன்னால் நிற்காது. திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். அதனால் பாதிப் பச்சையாக இருந்த கதிரை அப்படியே அடித்தோம். வீட்டு வாசலில் இருபது மூட்டைக்குக் கொஞ்சம் மேல் தேறும்படி ஒரு குவியல் விழுந்தது. மணியைக் கையில் எடுத்தால் ஈரம் தெரிந்தது.

மெஷின் போன அரை மணி நேரத்தில் போன் வந்தது. அக்கா மகளுக்கு இடுப்பு வலி, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அக்கா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வானம் மூடிக்கொண்டு இருந்தது.

"மழை வந்தா மூடிரு," என்றாள்.

மூடினேன். தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் செங்கல் வைத்தேன். அன்று ராத்திரி தூறல் விழுந்தது. மறுநாள் மேகமாகவே இருந்தது, வெயில் விட்டு விட்டு அடித்தது. எப்போது வேண்டுமானாலும் பெய்யும் போலிருந்ததால் நான் தார்ப்பாயைத் தொடவே இல்லை. வெயில் அடித்தால் திறந்துவிடு என்று அக்கா சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எங்கள் தெருவில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள், இருவரும் நலம். அதைச் சொல்லிக்கொண்டே தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, முழங்கை வரைக்கும் கையைக் குவியலுக்குள் விட்டாள். பேச்சு நின்றது.

"ஏலே, எப்ப மூடுன?"

"நீ போன அன்னைக்கு."

"எப்ப தொறந்த?"

நான் குனிந்து மீதிச் செங்கல்களை எடுக்க ஆரம்பித்தேன். அவள் கையை வெளியே எடுத்தபோது அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. புளித்த கள்ளின் நெடி.

"அவிச்சுட்டியேடா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சோளம் வேர்ப்பது என்று இதைச் சொல்வார்கள். ஈர மணியைக் காற்றுப் போகாமல் மூடினால் அது தனக்குத்தானே சூடேறும், பிறகு பூசணம் பிடிக்கும். கோழித் தீவனத்துக்கு வாங்குகிற வியாபாரி பூசணம் கண்ட சோளத்தை மூட்டையோடு தள்ளிவிடுவான். அக்கா குவியலைக் கிளறிப் பார்த்தாள். நடுவில்தான் சூடு அதிகம், இன்னும் பூசணம் விழவில்லை. இரண்டு முழு வெயில் கிடைத்தால் பெரும்பாலும் தப்பும். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் போச்சு.

வாசலில் பரப்பினால் மூன்று மூட்டை காயும். மீதியை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை.

முன்பெல்லாம் வேடசந்தூர் ரோட்டில் பாதி ரோட்டை அடைத்துக் காயப்போடுவோம். தாரில் அடிக்கிற வெயில் மாதிரி வேறெங்கும் வராது. முந்தைய வருடம் மில் வேலைக்குப் போன ஒருவர் டூவீலரில் வந்து சோளத்தில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதிலிருந்து ரோட்டில் ஒரு மணி கிடந்தாலும் கேஸ் என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். விழுந்தவரும் எங்களை மாதிரி ஆள்தான்.

மிச்சம் இருந்தது ஊர்க்களம். அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்த சிமென்டுக் களம், எல்லா விவசாயிகளுக்கும் பொது என்று போர்டே இருக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தால் மறுநாள் அந்த இடம் கல் வைத்தவருக்கு. நல்ல வழக்கம்தான், சண்டை வராது. ஆனால் எங்கள் ஊரில் கிணறும் சொட்டுநீருமாக நாற்பது ஏக்கர் வைத்திருக்கிற ஒருவர் வைத்த நாலு கல் மட்டும் எடுக்கப்படவே இல்லை. ஊரில் எல்லோரும் அவரைத் தோட்டத்துக்காரர் என்போம். களத்தில் முக்கால்வாசி அந்த நாலு கல்லுக்கு உள்ளேதான் இருந்தது. வருடம் முழுக்க இருக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மிச்சச் சுண்ணாம்பை அந்தக் கல்லுக்கும் அடிக்கச் சொல்வார். இத்தனைக்கும் அவருக்குத் தோட்டத்துக்குள்ளேயே சொந்தக் களம் ஒன்று இருக்கிறது. அதில் தேங்காய் காயும்.

மீதிக் கால்வாசியில் எங்கள் தெருக்காரர்கள் இடித்துக்கொண்டு போடுவார்கள். அந்த வாரம் அதில் ஒரு முழம்கூடக் காலி இல்லை. சிலர் பழைய சேலைகளை விரித்து வேலியோரம் காயவைத்துக்கொண்டு இருந்தார்கள். கல்லுக்குள் இருந்த முக்கால் களம் காலியாகக் கிடந்தது. நாய் படுத்திருந்தது.

யாரும் ஏன் கேட்பதில்லை என்றால், எங்கள் தெருப் பெண்கள் களை எடுக்கப் போவது அவர் தோட்டத்துக்கு. கோடையில் எங்கள் மாடுகள் தண்ணீர் குடிப்பது அவர் தொட்டியில். உழவுக்கு வருவது அவர் டிராக்டர். இப்படி இருக்கும்போது ஒரு கல்லைத் தூக்குவது கல்லைத் தூக்குவது மட்டும் இல்லை.

அக்கா முதலில் முறையாகக் கேட்கத்தான் போனாள். நானும் கூடப் போனேன். தோட்டத்துக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணே, சோளம் வேர்த்துப்போச்சு. ரெண்டு வெயில் வேணும். களத்துல உங்க இடம் சும்மாத்தான கெடக்கு?"

"எப்படி வேர்த்துச்சு?"

"இவன் மூடி வச்சுட்டான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊரெல்லாம் சுத்திட்டு வந்து இதைத்தான் கத்துக்கிட்டானா?"

அது உண்மைதான்.

"நாளான்னைக்கு எனக்குத் தனியா அறுப்பு மெஷின் வருதும்மா," என்றார். "கல்லு வச்ச எடம். இன்னைக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு ஊரே கேக்கும்."

"கேக்கட்டும்ணே. ஊர்க்களந்தான."

"ஊர்க்களம்னா? அந்தக் களத்தைக் கொண்டுவர யாரு அலைஞ்சது? கலெக்டர் ஆபீஸ் படி ஏறி எறங்குனது யாரு, நீயா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "மொட்டை மாடியில போடு," என்றார்.

"ஓட்டு வீட்டுக்கு ஏதுண்ணே மொட்டை மாடி?"

அதற்கு அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். திரும்பி வரும்போது பாதி வழியில் அக்கா சொன்னாள்: "கலெக்டர் ஆபீஸ் படியேற நான் போயிருந்தா, அவரு தோட்டத்துல களை எடுக்க யாரு போறது?" அதை என்னிடம் சொல்லவில்லை, தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் களத்துக்குப் போனோம். அக்கா ஒரு மூலைக் கல்லின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"யோசிச்சுக்கக்கா," என்றேன். "மாடு குடிக்கிறது அவரு தொட்டியில."

"நேத்தெல்லாம் யோசிச்சாச்சு. நீ அந்தப் பக்கம் பிடி."

ஒவ்வொன்றும் இருவர் சேர்ந்து தூக்குகிற கல். உருட்டவில்லை. தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்துப் புங்க மரத்தடியில் வரிசையாக வைத்தோம். கல் இருந்த இடத்தில் மட்டும் சிமென்டு நேற்றுப் பூசினது போல் புதிதாக இருந்தது. அக்கா களத்தைக் கூட்டினாள். நான் மூட்டையை முதுகில் ஏற்றி நடந்து நடந்து கொட்டினேன். இருபது மூட்டையும் தீர்ந்தபோது முதுகு எனக்குச் சொந்தமாக இல்லை. அந்தத் தண்டனை எனக்குச் சரிதான் என்று பட்டது.

நன்றாகச் சூடேறியிருந்த நாலு மூட்டையை மட்டும் அக்கா தனியாக ஒரு ஓரத்தில் மெல்லிசாகப் பரப்பினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சோளத்துக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு கோடு போய், திரும்பி அடுத்த கோடு. ஏர் உழுகிற மாதிரி இருக்கும். அடி மணி மேலே வரும், மேல் மணி அடியில் போகும். மதியத்துக்குள் இருபது தடவையாவது அப்படி நடக்க வேண்டும்.

பத்து மணிவாக்கில் பைக் சத்தம் கேட்டது. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"கல்லை யாரு எடுத்தது?" என்றார் தோட்டத்துக்காரர்.

"நாந்தாண்ணே. அந்தா மரத்தடியில இருக்கு. ஒரு கீறல் இல்ல, பாத்துக்கங்க."

நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன தைரியத்துல எடுத்த?"

"தைரியத்துல எடுக்கலண்ணே. சோளம் வேர்த்துருச்சு, அதுல எடுத்தேன்."

அவர் பைக்கைவிட்டு இறங்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் என் வண்டி வரும். அப்ப இங்க ஒரு மணி கெடக்கக் கூடாது."

"நாளைக்குச் சாயங்காலம் வாரிருவேன்."

"மத்தியானம்னு சொன்னேன்."

"நாளைக்குச் சாயங்காலந்தாண்ணே இது காயும். நான் சொன்னாக் கேக்குமா, நீங்க சொன்னாக் கேக்குமா?"

அவர் பைக்கைக் கிளப்பினார். "இனிமே களைக்கு வர வேணாம். மாட்டையும் தொட்டிப் பக்கம் ஓட்டிராத."

"சரிண்ணே," என்றாள் அக்கா. கடையில் உப்பு இல்லை என்று சொன்னால் எப்படிச் சரி என்போமோ அப்படி. அவர் போனதும் மறுபடி காலை இழுத்து நடக்க ஆரம்பித்தாள்.

நின்று பார்த்தவர்களில் எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் நூல் மில்லில் வேலை, இவள் ஒரு ஏக்கர் சோளம் போட்டிருந்தாள். வேலியோரம் சேலையில் காய்ந்துகொண்டு இருந்தது அவளுடையதுதான்.

"மதினி, பெரிய வேலை பாத்துட்டீக," என்றாள்.

"என்ன பெரிய வேலை? நீயும் கொண்டாந்து போடு."

"ஆத்தாடி, எனக்கு மாடு இருக்கு," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். அன்று முழுக்க வேறு யாரும் களத்துப் பக்கம் வரவில்லை. நல்ல வெயில் மட்டும் வந்தது. சாயங்காலம் மாட்டுக்கு நான் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து ஊற்றினேன். அது என்னை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு குடித்தது.

மறுநாள் மத்தியானம் டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறையப் புதுச் சோளம். ஓட்டி வந்தது எங்கள் தெருப் பையன்தான், கல்யாணமாகி இரண்டு குழந்தை இருக்கிற ஆள், ஆனாலும் அவனைப் பையன் என்றுதான் சொல்வோம். பின்னால் பைக்கில் தோட்டத்துக்காரர்.

"ரிவர்ஸ் எடு. ஏத்திக் கொட்டு," என்றார்.

நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். போர்வெல் லாரியில் இருந்தவனுக்குக் கைகலப்பு புதிது இல்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடா. நின்னா சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

அவள் களத்து நடுவில், சோளத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். கம்மஞ்சோறு, மோர், வெஞ்சனத்துக்குச் சுட்ட கருவாடு. எனக்கு மூடியில் போட்டுக் கொடுத்தாள். டிராக்டரின் பின்சக்கரம் எங்களுக்கு எட்டடி தூரத்தில் உறுமிக்கொண்டு இருந்தது. நான் மூடியைக் கையில் பிடித்தபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.

"சாப்டியா அப்பு?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

"எறங்கி வா. கருவாடு இருக்கு."

"என்னடா பேச்சு?" என்றார் தோட்டத்துக்காரர். "எடுடா வண்டியை."

டிரைவர் என்ஜினை அணைத்தான். அந்த அமைதியில் அவன் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, நான் ஏத்திருவேன். ஆனா அவுகளுது வேர்த்த சோளம். நம்ம நல்ல சோளத்தை அது மேல கொட்டினா கலந்துரும். அப்புறம் எதுல நெடி, எதுல இல்லைன்னு வியாபாரிக்குத் தெரியாது. மொத்த லோடையும் தள்ளிருவான். பரவால்லைன்னா சொல்லுங்க, ஏத்துறேன்."

தோட்டத்துக்காரர் அதை யோசித்தார். நாற்பது ஏக்கர் வைத்திருக்கிறவர் சோளத்தைப் பற்றித் தெரியாதவர் இல்லை. கெட்டுப்போன எங்கள் சோளம் அன்று எங்களுக்குக் காவலாக இருந்தது. நான் செய்த காரியத்தில் நல்லது என்று சொல்ல அந்த ஒன்றுதான்.

"எப்ப வாருவ?" என்றார்.

"நாலரைக்கு."

வெயில் சுள்ளென்று அடித்தது. அவருக்கு நிற்க மரத்தடிதான் இருந்தது. உட்கார அந்த நாலு கல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். புதுச் சுண்ணாம்பு வேட்டியில் ஒட்டியது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாலரைக்கு அக்கா கூட்ட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஒரு ஓரத்திலிருந்து வாரி, புடைத்து, நான் சாக்கைப் பிடிக்க அவள் அள்ளிப் போட்டாள். சிமென்டு இடுக்கில் சிக்கிய மணியைக்கூட விரலால் நோண்டி எடுத்தாள்.

"செத்த நேரம் பொறுத்துக்கங்கண்ணே," என்று இரண்டு தடவை சொன்னாள்.

முதல் மூன்று மூட்டை கட்டி, பத்தடி இடம் காலியானபோது, கடைசி வீட்டுப் பெண் தலையில் ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். தோட்டத்துக்காரர் இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை.

"மதினி, இந்த ஓரத்துல போட்டுக்கவா?"

"என்கிட்ட எதுக்குடி கேக்குற? நான் என்ன கல்லா வச்சிருக்கேன்?"

அவள் மூட்டையை அவிழ்த்து அங்கேயே கொட்டினாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோளத்தைக் காயப்போடுகிறவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. அது காய்வதற்குப் போட்டது இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர். அக்கா வாரி முடிக்கிற இடத்தில் எல்லாம் அடுத்தவர் சோளம் விழுந்துகொண்டே வந்தது. தோட்டத்துக்காரர் எழுந்தபோது டிரெய்லரைக் கொட்ட ஒரு கட்டில் போடுகிற அளவு இடம்தான் மிச்சம் இருந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் அவர் காட்டில் களை எடுக்கிறவர்கள். எல்லோரையும் வர வேண்டாம் என்றால் களை யார் எடுப்பது? வண்டியை வீட்டுக்கு விடச் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். தேங்காயை ஒதுக்கிவிட்டுச் சொந்தக் களத்திலேயே கொட்டினார்கள் என்று மறுநாள் டிரைவர் சொன்னான்.

அதோடு முடியவில்லை. வழக்கமாக வாங்குகிற வியாபாரிக்கு போன் போட்டேன். எங்கள் ஊரில் அவன் எடுப்பதில் பாதிக்கு மேல் தோட்டத்துக்காரர் சோளம்.

"இந்தத் தடவை லோடு ஃபுல்லாயிருச்சு தம்பி," என்றான். நேற்று வரைக்கும் சோளம் இல்லை, சோளம் இல்லை என்று அலைந்தவன்.

"சரி, விடு," என்றாள் அக்கா. "நீ ரெண்டு வருசம் இருந்தியே ஒரு தீவனக் கடை, அது இன்னும் இருக்கா?"

குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று பிடித்து இரண்டு நடையாகத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். கடைக்கார பாய்க்குத் தாடி நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். அவரிடம் ஈரம் பார்க்கிற மீட்டர் இருந்தது. ஆனாலும் ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்று சத்தம் வந்தது.

"நல்லா காஞ்சிருக்கு," என்றார். "எறக்கு."

"பாய், இந்த நாலு மூட்டை மட்டும் வேற," என்றாள் அக்கா. "வேர்த்தது. காய வச்சிட்டேன், ஆனா அடியில நெடி இருக்கு."

நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

பாய் அந்த மூட்டைகளில் கையை விட்டு, எடுத்து மோந்து பார்த்தார். "இருக்கும்மா. இதை எடுத்தா என் கடைப் பேரு போயிரும். இன்னும் ஒரு வெயில் போடுங்க. கறுப்பு விழுந்த மணியைப் பொறுக்கிருங்க. நெடி போச்சுன்னா எடுத்துக்கிறேன். போகலைன்னா மாட்டுக்குக்கூட வச்சிராதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, ரெண்டு வருசம் இங்க குப்பை கொட்டுனியே, இதுகூடத் தெரியாதா?"

"மூட்டையைத் தெரியும் பாய். குவியலைத் தெரியாது."

"நல்ல படிப்பு," என்றார்.

வியாபாரி கொடுப்பதைவிட பாய் கொஞ்சம் கூடவே கொடுத்தார். அந்தக் கூடுதலை வண்டி வாடகை தின்றுவிட்டது. நாலு மூட்டையோடு திரும்பி வரும்போது நான் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"கல்லை எடுத்தவங்கன்னு ஊருல பேசுவாங்க, பேசட்டும்," என்றாள். "பூசணத்தைக் கலந்தவங்கன்னு எவனும் பேசக் கூடாது. இனிமே நம்ம சோளத்துல ஒரு கறுப்பு மணி இருந்தாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவானுக."

ஊருக்குள் வந்ததும் நேராகக் களத்துக்கு விடச் சொன்னாள். வண்டி நின்றது, ஆனால் இறக்க இடம் இல்லை. களம் முழுக்க, இந்த மூலை முதல் அந்த மூலை வரைக்கும், எங்கள் தெருச் சோளம். நடந்து போக ஒரு காலடிப் பாதை மட்டும் விட்டிருந்தார்கள். கடைசி வீட்டுப் பெண் காலை இழுத்து நடந்துகொண்டு இருந்தாள்.

"நாலு மூட்டை இருக்குடி. எங்க போட?" என்றாள் அக்கா.

"நான் நாளைக்கு வாரிருவேன் மதினி. ஆனா எனக்கடுத்து மூணு பேரு சொல்லி வச்சிருக்காக. நீங்க நாலாவது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தக் களத்தையே எடுத்துக் குடுத்தது யாரு? அன்னைக்கு டிராக்டருக்கு முன்னாடி உக்காந்தது யாரு?"

"ஏலே," என்றாள் அக்கா. "அவரும் இதைத்தான சொன்னாரு? படி ஏறுனது யாருன்னு. வாயை மூடிட்டு மூட்டையை வீட்டுல எறக்கு."

இறக்கினேன். அன்றும் மறுநாளும் வாசலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, முறத்தில் போட்டு, கறுப்பு விழுந்த மணியை இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். நூறு நாள் வேலைக்குப் போகாத நாளில் கடைசி வீட்டுப் பெண்ணும் வந்து பொறுக்கினாள். நாலாம் நாள் எங்கள் முறை வந்தது. களத்தில் ஒரு முழு வெயில் காய்ந்தது. மூன்று மூட்டையில் நெடி போயிருந்தது, பாய் எடுத்துக்கொண்டார். ஒரு மூட்டையில் போகவில்லை. அக்கா அதை மோந்து பார்த்துவிட்டு, என்னிடம் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

காட்டு மூலையில் குழி வெட்டினேன். முட்டி அளவு வெட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னும் ஆழமா வெட்டு," என்றாள். "மாடு கிண்டிரும்."

வெட்டினேன்.